தேன்மாமா கொடுத்த கூலி

எங்கள் ஊரில் அவரைத் தேன்மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது தன் பெயரைச் சொல்லி ரெண்டு வார்த்தை நல்லதாகப் பேசிவிட்டால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நகர்ந்துவிடும் மனிதர். போன மழைக்காலத்தில் காலமானார். எண்பதைத் தாண்டிய வயசு, படுக்கையில் கிடந்து கஷ்டப்படவில்லை, நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்தாலும் எனக்கு ஆறவில்லை. அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்த ஒரு பையன் யார் முன்னாலும் தலை குனியாமல் படித்து முடித்தான் என்றால் அதற்குக் காரணம் இந்த மனிதர்தான், அதை அவர் இருக்கும்போது அவரிடம் சொல்ல அவர் இடமே கொடுத்ததில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ரப்பர், தென்னை, வாழை, மரச்சீனி, இவ்வளவுதான். களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, கேரளம். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் விளவங்கோடு தாலுகாவே அந்தப் பக்கத்து ராஜ்யம்தான், அதனால் மாமாவின் வயசுக்காரர்கள் நிறைய பேர் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள். மாமாவும் அப்படி. வீட்டில் பேசுவது தமிழ், நோட்டில் எழுதுவது மலையாளம்.

தேனீ வளர்ப்பு எங்கள் பகுதிக்குப் புதிது இல்லை. 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வுக்கு வந்த ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், ஏழை விவசாயிக்குக் கைச்செலவுக்குக் காசு வரட்டும் என்று கோழி, தேனீ எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அதற்கு முன்னால் மரப்பொந்தில் இருக்கும் கூட்டைப் புகைபோட்டு, பிழிந்து, அழித்துத்தான் தேன் எடுப்பார்கள். பெட்டி வந்த பிறகு கூட்டை அழிக்காமல், உள்ளே தேனீ அடை கட்டும் மரச்சட்டத்தை உருவி தேனை மட்டும் எடுக்கலாம் என்றானது. மாமாவின் அப்பா அங்கே போய்ப் பார்த்துப் பழகியவர், அவரிடமிருந்து மாமாவுக்கு வந்தது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாகப் பேப்பரில் வந்தபோது மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு "நல்லது" என்றார். அவ்வளவுதான் அவருடைய பேச்சு.

நான் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அம்மா அண்டியாபீசுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிப்பருப்பு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வறுத்த அண்டியை உடைக்கும்போது தோட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து கறுத்து உரியும், சாம்பல் பூசிக்கொண்டு உடைத்தாலும் உரியும். ராத்திரி சோறு பிசையும்போது அம்மாவுக்குக் கை எரியும், அதனால் கரண்டியால் சாப்பிடுவாள். சொந்தக்காரர்கள் உதவி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு உதவிக்கும் பின்னால் கல்யாண வீட்டில், சாவு வீட்டில், கோயில் கொடையில் வைத்து அதைப் பற்றி ஒரு பேச்சு வரும். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மாமா எங்கள் வீட்டு நடையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அம்மாவிடம்கூட நேராகப் பேசாமல் என்னிடம்தான் கேட்டார். "மக்களே, காலத்த பள்ளிக்கூடம் போறதுக்கு முன்ன ஒரு அரை மணிக்கூறு வர முடியுமா? கூட்டுக்குக் கீழ சிரட்டையில தண்ணி ஊத்தணும். எனக்கு இடுப்பு வலி, குனிய முடியல்ல."

தேன்பெட்டியைத் தரையில் வைக்க மாட்டார்கள், நாலு காலுள்ள ஒரு ஸ்டாண்டின்மேல் வைப்பார்கள். ஒவ்வொரு காலும் தண்ணீர் நிறைந்த ஒரு சிரட்டைக்குள் நிற்கும். தண்ணீர் வற்றினால் எறும்பு ஏறிவிடும், எறும்பு ஏறினால் ஒரே ராத்திரியில் கூடே காலியாகிவிடும். அந்தத் தண்ணீர்தான் என் முதல் வேலை. மாமாவின் விளையில் தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். வாளியும் ஒரு தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சிரட்டையாக நிரப்பிக்கொண்டே போவேன். விழுந்த சருகு பாலம் மாதிரி சாய்ந்திருந்தால் எடுத்துப் போட வேண்டும், ஏனென்றால் எறும்புக்கு ஒரு சருகு போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் கூலி. என் கையில்தான் தருவார், அம்மாவிடம் தர மாட்டார். "இந்தா, உனக்க சக்கரம். எண்ணிப் பாரு" என்பார். நான் எண்ணி முடிக்கும்வரை அங்கேயே நிற்பார். பத்து வயசுப் பையனிடம் பெரிய ஆளிடம் பேசுவது போலக் கணக்கு முடிப்பார். அந்தப் பணத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுக்கும்போது எனக்கு இருந்த நிமிர்வை இன்றைக்கு வாங்கும் சம்பளம்கூடத் தந்ததில்லை.

மெல்ல மெல்ல வேலை கூடியது. ஆனால் இன்னின்ன செய் என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அவர் செய்வார், நான் பார்ப்பேன், கொஞ்ச நாள் கழித்து சட்டத்தை என் கையில் தந்துவிட்டு ஒரு அடி பின்னால் நின்றுகொள்வார். கதம்பலை, அதாவது காய்ந்த தேங்காய் மட்டையை, பற்றவைத்து லேசாகப் புகை காட்டுவது, மூடியைச் சத்தமில்லாமல் திறப்பது, சட்டத்தை நேராக மேலே தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது, ராணியைத் தேடுவது, எல்லாம் அப்படித்தான் வந்தது. அவருடைய கை அசைவதைப் பார்த்தால் தூங்குகிற குழந்தையை எடுப்பது போல இருக்கும். அவசரப்பட்ட கையைத் தேனீ மன்னிக்காது என்பதைச் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, அவர் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு விஷயம் மட்டும் வாய்திறந்து சொன்னார். புட்டும் பழமும் தின்றுவிட்டுக் கூட்டுப் பக்கம் வராதே என்று. எங்கள் ஊரில் காலைச் சாப்பாடே அதுதான், அதனால் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு நாள் என் கையில் ஒரு தேனீ கொட்டியதும், கொடுக்கைப் பிடித்து இழுக்க விடாமல் நகத்தால் பக்கவாட்டில் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை மணத்திப் பார்க்கச் சொன்னார். பழுத்த வாழைப்பழ வாசனை! ஒரு தேனீ கொட்டியதும் அந்த வாசனை கிளம்பும், அது மற்ற தேனீக்களுக்கு ஆபத்து என்று சொல்லும் செய்தி, உடனே எல்லாம் கூடி வந்து கொட்டும். வாழைப்பழத்திலும் அதே வாசனைப் பொருள்தான் இருக்கிறது என்று காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கும்போது தெரிந்தது, ஐசோஅமைல் அசிடேட் என்று போர்டில் எழுதினார்கள். வகுப்பில் எனக்கு மட்டும்தான் அது ஏற்கெனவே தெரிந்த பொருள்.

ரப்பர் தேன் எங்கிருந்து வருகிறது என்பதும் அப்படித்தான். பூவிலிருந்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை முழுக்கக் கொட்டி, புது இலை துளிர்க்கும். மூன்று இலையும் காம்பில் வந்து சேரும் இடத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும். ஒரு கொம்பை வளைத்து அதைக் காட்டி "நக்கிப் பாரு" என்றார். இனித்தது. இளம் இலையிலிருந்து ஊறும் அந்தத் துளிதான் எங்கள் ஊரின் பாதித் தேன். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் ஓட்டம். அதற்கு முன்னாலேயே பெட்டிகளை லாரியில் ஏற்றி நெடுமங்காடு, புனலூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கும் கொண்டுபோவார்கள். பொழுது சாய்ந்து எல்லாத் தேனீயும் கூடு திரும்பிய பிறகு வாசலை அடைத்து, ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டி, வெயில் ஏறும் முன் இறக்கி வாசலைத் திறந்துவிட வேண்டும். பொங்கல் லீவில் என்னையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார். நான் பார்த்த முதல் வெளியூர் அதுதான்.

ஏப்ரலோடு தேன் முடிந்துவிடும், ஜூனில் மழை பிடிக்கும். மழையில் தேனீ வெளியே போகாது, பூவும் கிடையாது, சீனிப்பாகு காய்ச்சி ஊற்றித்தான் கூட்டைக் காப்பாற்ற வேண்டும். அதாவது வளர்ப்பவனுக்கு வரவே இல்லாமல் செலவு மட்டும் இருக்கும் காலம் அது. பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில்தான். நோட்டு, யூனிபார்ம், பீஸ். எனக்கு அந்த மாசங்களில் கூலி குறைந்ததே இல்லை. மழையில் சிரட்டை தானாகவே நிரம்பிக் கிடக்கும், அப்போதும் சனிக்கிழமை வந்தால் "எண்ணிப் பாரு" தான்.

1991-ல் நான் எட்டாம் வகுப்பு. அந்த வருஷந்தான் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் எங்கள் பக்கம் வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எழுதாமல் மாமாவைச் சொல்ல முடியாது. வளர்ந்த தேனீயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, புழுக்கள்தான் சாகும். ஒரு சட்டத்தை உருவி மாமா காட்டினார். அறைக்குள் புழு மல்லாந்து, தலையைத் தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. ஈர்க்கிலால் மெல்லத் தூக்கினால் தண்ணீர் நிறைந்த சின்னப் பையாக அப்படியே வந்தது. புதுத் தேனீ பிறக்காததால் கூடு நாளுக்கு நாள் மெலிந்து, மிச்சம் இருப்பது ஒரு நாள் பறந்து போய்விடும். மருந்து கிடையாது. மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் என்று பெட்டி வைத்திருந்த அத்தனை பேரும் கண்முன்னே இழந்தார்கள். தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அந்த ஒன்றிரண்டு வருஷத்தில் போய்விட்டது. பலர் பெட்டியை உடைத்து அடுப்பில் வைத்தார்கள். கடன் வாங்கிச் செய்தவர்கள் பாடு சொல்ல வேண்டாம்.

மாமாவின் விளையில் ஏதோ கொஞ்சம் கூடுகள்தான் பிழைத்தன. தண்ணீர் ஊற்ற ஒன்றுமில்லை. இனி வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு நான் போய் நின்றேன். மாமா ஒரு காலிப் பெட்டியைக் கையில் தந்து "இதைச் சுரண்டணும்" என்றார். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, நோய் வந்த அடைகளை எரித்து, பெட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்து அடுக்குவது. அந்த வேலையை ஒரு வாரத்தில் முடித்திருக்கலாம். மாமா ஒரு நாளைக்கு ஒரு பெட்டிக்கு மேல் எடுத்து வைக்கவே மாட்டார். மாசக்கணக்கில் நீண்டது. சனிக்கிழமை சாயங்காலம் மாறவில்லை. அந்த வருஷம் அவர் வீட்டு மாமி கழுத்தில் கிடந்த செயினைப் பிறகு நான் பார்த்ததில்லை. இது எனக்குப் பெரியவனான பிறகுதான் உறைத்தது.

பிழைத்த கூடுகளை மட்டும் மாமா உன்னிப்பாகக் கவனித்தார். எது நோயைத் தாங்கியதோ அதிலிருந்துதான் கூடு பிரிக்க வேண்டும், அதாவது அந்தக் கூட்டத்தை இரண்டாக்கித்தான் புதுக் கூடு உண்டாக்க வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். அதோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சிப்பாறை போகிற பக்கமெல்லாம் மரப்பொந்து, பாறை இடுக்கு என்று தேடிப்போய்க் காட்டில் பிழைத்திருந்த கூட்டங்களைப் பிடித்து வந்தோம். தேனீ தண்ணீர் குடிக்க வரும் இடத்தில் உட்கார்ந்து, அது எந்தத் திசையில் திரும்பிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். மணிக்கணக்கில் பேசாமல் நடப்போம். அப்பா போன பிறகு எனக்குள் இருந்த ஒரு பயம், இனி நமக்கு யாரும் இல்லை என்கிற பயம், அந்த நடையில்தான் என்னை விட்டுப் போனது. மாமா ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. முன்னால் நடந்தார், முள்ளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நான் தாண்டும்வரை நின்றார்.

அந்த நாட்களில்தான் நோட்டு எழுதும் வேலையையும் தந்தார். ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பக்கம். எப்போது பிரித்தது, ராணி எப்போது முட்டையிட ஆரம்பித்தது, புழுவில் நோய் உண்டா இல்லையா. முட்டையிட்ட நாளிலிருந்து புது ராணி வளர்ந்து அறையை விட்டு வெளியே வரப் பதினைந்து, பதினாறு நாள், அந்தக் கணக்குத் தவறினால் பிரித்த கூடு வீணாகும், அதனால் தேதி முக்கியம். பழைய பக்கங்கள் எல்லாம் மலையாளத்தில் இருந்தன. அதை வாசிக்காமல் புதியதை எழுத முடியாது. சரி என்று எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்க ஆரம்பித்து, பத்தாம் வகுப்பு முடிவதற்குள் மலையாளப் பேப்பரே வாசிக்க வந்துவிட்டது. பின்னால் திருவனந்தபுரத்தில் எனக்கு வேலை கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்றும் ஆபீசில் என் மலையாளக் கையெழுத்தைப் பார்த்து, பழைய ஆட்கள் எழுதுவது போல இருக்கிறதே என்று கேட்பார்கள்.

பிளஸ் டூ முடித்தபோது ஒரு பெட்டியைக் காட்டி "இது உனக்க கூடு" என்றார். நான் பிரித்த கூடு அது. அதன் தேன் விற்ற பணம் எனக்கு. அடுத்த வருஷம் அதிலிருந்து பிரித்தவையும் எனக்கு. காலேஜ் படித்து முடிக்கும்வரை ரப்பர் துளிர்க்கும் காலம் எனக்கு பீஸ் கட்டும் காலமாக இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசினேன். மாமாவுக்கு இடுப்பு வலி இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை, தேன் நிறைந்த பெட்டியைத் தனியாளாகத் தூக்கி லாரியில் வைக்கிற மனிதர், சிரட்டையில் தண்ணீர் ஊற்றவா ஆள் தேடினார் என்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு அண்ணைக்கே தெரியும். சும்மா தந்திருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன், அதும் அவருக்குத் தெரியும்."

மாமாவின் அடக்கத்தன்று என்னைப் போல இன்னும் சிலர் வந்திருந்தார்கள். ஒருவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர், இன்னொருவர் களியக்காவிளையில் மரக்கடை வைத்திருப்பவர். பேசிக்கொண்டிருந்ததில், ஒருவர் பாட்டில் கழுவியவர், இன்னொருவர் லேபிள் ஒட்டியவர். வெவ்வேறு வருஷங்களில், அவரவர் வீட்டில் கஷ்டம் வந்த வருஷங்களில். மரக்கடைக்காரர் இன்று அவருடைய பட்டறையில் ஏழெட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். மாமா எண்ணிப் பார்க்கச் சொன்னதை அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மாமாவின் மகள்தான் இப்போது பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறாள். நல்ல கைகாரி. ஜனவரியில் புனலூருக்கும் அனுப்புகிறாள். ரப்பர் விலை இறங்கி, நிறைய தோட்டங்களில் மரத்தை வெட்டிவிட்டு வேறு பயிர் வைக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது என்றாள். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை நானும் போய்க் கூடு பிரிக்க உதவுகிறேன். அப்பாவின் நோட்டை வாசித்துக் காட்டச் சொல்வாள், அவளுக்கு மலையாள எழுத்து தெரியாது.

புதுத் தேன் இறங்கியதும் எங்கள் வீட்டுக்கு வேண்டியதை அவளிடம்தான் வாங்குகிறோம். அம்மாவுக்கு இதில் ஒரே பிடிவாதம். பேரம் பேசக் கூடாது, இனாமாகத் தந்தாலும் வாங்கக் கூடாது, கடையில் என்ன விலையோ அதைக் கையில் கொடுக்க வேண்டும். இந்த வருஷம் முட்டு வலியோடு அம்மாவே என்னுடன் வந்தாள். மாமாவின் மகள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணத்தை வாங்கி, எங்கள் முன்னாலேயே ஒவ்வொரு நோட்டாக எண்ணி, "சரியா இருக்கு மாமி" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டு, தேன் பாட்டில்களைப் பழைய பேப்பரில் சுற்றித் தந்தாள்.